அழியாத பொன், அழியும் பசை

துட்டன்காமன் என்ற எகிப்திய மன்னனின் உடல், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மூன்று சவப்பெட்டிகளுக்குள் கிடந்தது. மூன்றும் மனித உருவில் செய்தவை. மூன்றும் பொன்னாக மின்னுபவை. புகைப்படத்தில் பார்க்கிறவருக்கு அவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஆக உள்ளே இருந்த பெட்டி மட்டுமே முழுத் தங்கம். எடை சுமார் 110 கிலோ. மற்ற இரண்டும் மரப்பெட்டிகள். அவற்றின் மேல் இருப்பது மெல்லிய பொன் போர்வை.

1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உலகம் அந்த 110 கிலோ பெட்டியைப் பற்றியும் மன்னனின் முகத்தை மூடியிருந்த 10 கிலோ பொன் முகமூடியைப் பற்றியுமே அதிகம் பேசிவருகிறது. ஆனால் கெய்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் கண்ணாடிப் பேழைகளுக்குள் நாம் காணும் பொன்மயமான எகிப்தியப் பொருள்கள் பலவும் கட்டித் தங்கத்தில் செய்தவை அல்ல. மரத்தின் மேல், துணியின் மேல், சுண்ணப் பூச்சின் மேல், வெண்கலத்தின் மேல், ரோமானியர் காலத்தில் சில சமயம் இறந்தவரின் தோல் மேலேயே ஒட்டிய பொன்தாள்தான் அங்கே மின்னுகிறது.

இந்தப் பொன்தாளின் வாழ்க்கை விசித்திரமானது. தங்கம் துருப்பிடிக்காது, மக்காது, பூச்சி அரிக்காது. அதைத் தாங்கும் மரமும் துணியும் பசையும் மக்கும், பூச்சிக்கும் இரையாகும். சாகாத ஒன்றைச் சாகிற ஒன்றோடு ஒட்டிவைத்தால் மூவாயிரம் ஆண்டுகளில் என்ன ஆகும்? அருங்காட்சியகங்களின் ஆய்வுக்கூடங்களில் இன்று நடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதுதான்.

ஒரு மன்னனின் மனக்குறை

முழுத் தங்கத்துக்கும் தங்கம் போர்த்திய மரத்துக்கும் உள்ள வேறுபாடு அக்காலத்திலேயே அரசியல் தகராறாகியிருக்கிறது. 1887-இல் எகிப்தின் அமர்னாவில் களிமண் பலகைகளில் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அயல்நாட்டு மன்னர்கள் ஃபாரோக்களுக்கு அக்காடிய மொழியில் அனுப்பியவை அவற்றில் பல. மித்தானி நாட்டு மன்னன் துஷ்ரத்தா எழுதியதும் அவற்றில் உண்டு. ஃபாரோ மூன்றாம் அமென்ஹோட்டப் துஷ்ரத்தாவுக்கு முழுத் தங்கத்தில் வார்த்த சிலைகளைத் தருவதாக வாக்களித்திருந்தார். அவர் மறைந்தபின் பட்டத்துக்கு வந்த மகன் அகெனாட்டன் அனுப்பியதோ தங்கம் போர்த்திய மரச்சிலைகள். இதுதான் துஷ்ரத்தாவின் புகார். எகிப்தில் தங்கம் மண்ணைப் போலக் கொட்டிக் கிடக்கும்போது இந்தக் கஞ்சத்தனம் எதற்கு என்பது அவருடைய ஆதங்கம்.

துஷ்ரத்தாவுக்குத் தங்கம் என்பது எடை. உருக்கினால் எத்தனை தேறும் என்பதே கணக்கு. எகிப்தியச் சடங்குகளுக்கோ பெரும்பாலும் எடை தேவைப்படவில்லை. கடவுளரின் சதை பொன், எலும்பு வெள்ளி, முடி நீலக்கல் என்பது எகிப்தியர் நம்பிக்கை. இறந்தவரும் கடவுளரின் இனத்தில் சேர வேண்டுமானால் அவருடைய மேனி பொன்னாக வேண்டும். மேனி என்பது மேற்பரப்புதானே. உள்ளே மரம் இருக்கலாம், பசையில் தோய்த்த துணி இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தோல் பொன்னாக இருந்தால் போதும்.

அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே தபோசிரிஸ் மக்னாவில் 2021-இல் வெளிப்பட்ட ஒரு மம்மியின் வாயில் நாக்கு வடிவப் பொன்தகடு இருந்ததும் இதே எண்ணத்தால்தான். மறுமையின் கடவுளான ஒசிரிஸ் முன் நின்று பேச அவருக்குப் பொன் நாக்கு தேவைப்பட்டது.

ஒரு பவுனில் எவ்வளவு மூடலாம்?

தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எகிப்தியர் செய்த சிக்கனத்தை நாமே கணக்கிடலாம். பழைய எகிப்தியப் பொன்தாள்களின் தடிமன் பெரும்பாலும் மைக்ரோமீட்டர்க் கணக்கில் வரும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம், அதாவது ஒரு பவுன் தங்கத்தை அந்த அளவுக்குத் தட்டினால் பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர் கொண்ட சதுரம் கிடைக்கும். 10 சதுர மீட்டர் பரப்பை மூட ஒரு கிலோ கூட வேண்டாம். துட்டன்காமனின் உள்பெட்டியில் இருக்கும் 110 கிலோவை இப்படித் தட்டினால் ஆயிரம் சதுர மீட்டருக்கும் அதிகமாக மூடிவிடலாம்.

இன்றைய பொன்தாள்கள் இன்னும் மெலிந்தவை, சுமார் 0.1 மைக்ரோமீட்டர். அந்தத் தடிமனில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவை ஏறக்குறைய 400 அணு அடுக்குகள் மட்டுமே. வேறெந்த உலோகமும் கிழியாமல் இந்த அளவுக்கு மெலிந்து கொடுப்பதில்லை.

காரணம் தங்கத்தின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதன் அணுக்கள் நெருக்கமான தளங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடி விழும்போது ஒரு தளம் மற்றொன்றின் மேல் வழுக்கி நகர்கிறது. அணுக்களைப் பிணைத்திருப்பது அவை எல்லாவற்றுக்கும் பொதுவான எலக்ட்ரான் கூட்டம். ஓர் அணு தன் அண்டை அணுவை விட்டு நகர்ந்தாலும் புதிய அண்டையோடு அதே பிணைப்பு உடனே ஏற்படுகிறது. அதனால் உடையாமல் விரிகிறது. இரும்பையோ செம்பையோ இப்படி மெலிதாக்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு: காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மேற்பரப்பிலிருந்து தின்று தீர்த்துவிடும். தங்கத்தை ஆக்சிஜன் தொடுவதில்லை. ஆகவே சில நூறு அணு அடுக்குகள் மட்டுமே உள்ள தாளும் தங்கமாகவே நிலைக்கிறது.

மஞ்சள் நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு வலுவான இழுப்பில் ஆக உள்ளே சுற்றும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் நகர்கின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிப்படி இதனால் சில எலக்ட்ரான் பாதைகள் சுருங்கி, ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான இடைவெளி மாறுகிறது. விளைவு, தங்கம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. இந்த விளைவு இல்லாவிட்டால் தங்கமும் வெள்ளியைப் போல வெளுத்திருக்கும்.

மிக மெல்லிய பொன்தாளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மறுபக்கம் வருவது பச்சை ஒளி. 1857-இல் மைக்கேல் ஃபாரடே பொன்தாள்களைக் கண்ணாடியில் ஒட்டி, வேதிக்கரைசலால் இன்னும் மெலிதாக்கி, ஒளியும் தங்கமும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று விரிவாக ஆராய்ந்தார்.

மலையிலிருந்து பட்டறைக்கு

எகிப்தின் தங்கம் நைல் நதிக்கும் செங்கடலுக்கும் இடையே உள்ள கிழக்குப் பாலைவனத்திலிருந்தும், தெற்கே நூபியாவிலிருந்தும் வந்தது. வெண்கற்பாறையின் விரிசல்களில் நரம்பாக ஓடிய தங்கத்தைப் பாறையோடு வெட்டி, இடித்து, கல் திருகையில் அரைத்து, நீரில் அலசிப் பிரித்தார்கள். இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் சுருள், கி.மு. 1150-ஐ ஒட்டி வரைந்த வரைபடம். வாடி ஹம்மாமத் பகுதியின் மலைகளை வெவ்வேறு நிறங்களில் தீட்டி, தங்கம் உள்ள மலை எது, கல் வெட்டும் இடம் எது என்று குறித்திருக்கிறது. நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழைய நிலவியல் வரைபடம் அதுதான் என்பார்கள்.

பட்டறைக் காட்சிகளைக் கல்லறைச் சுவர்களில் பார்க்கலாம். சக்காராவில் மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறையில், தராசில் உலோகத்தை நிறுக்கிறார்கள், கணக்கர் எழுதிக்கொள்கிறார், ஆறு பேர் உலையைச் சூழ்ந்து உட்கார்ந்து நீண்ட குழல்களால் ஊதுகிறார்கள், பக்கத்தில் தகடு தட்டுகிறார்கள். அவர்கள் கையில் காம்பு போட்ட சுத்தியல் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கல்லால்தான் அடிக்கிறார்கள். எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறையில் ஊதுகுழலின் இடத்தைக் காலால் மிதிக்கும் துருத்தி பிடித்துவிட்டது.

தட்டத் தட்டத் தங்கமும் இறுகும். அடிபட்ட அணுத் தளங்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதால் அது மேற்கொண்டு விரிய மறுக்கும். அப்போது அதை நெருப்பில் காட்டிச் சூடேற்றினால் அணுக்கள் மீண்டும் ஒழுங்காக அமைந்து உலோகம் இளகும். அடித்தல், காய்ச்சுதல், மறுபடி அடித்தல் என்று மாற்றி மாற்றிச் செய்துதான் கட்டி தகடாகி, தகடு தாளாயிற்று.

தடிமனைப் பொறுத்து ஒட்டும் முறையும் மாறியது. தன் எடையைத் தானே தாங்கும் தகடாக இருந்தால், செதுக்கிய மரத்தின் மேல் வைத்து அழுத்தி வடிவம் எடுத்து, சிறு ஆணிகளாலும் பசையாலும் பிடிக்கவைத்தார்கள். மூச்சுப் பட்டால் பறக்கும் தாளாக இருந்தால் அதற்கென்று ஒரு மெத்தை தேவைப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள்

அந்த மெத்தையைச் செய்வதில்தான் உண்மையான கைத்திறன் இருக்கிறது. ஒரு சவப்பெட்டியின் விளிம்பிலிருந்து கடுகளவு துணுக்கை எடுத்து, பிசினில் பதித்து, குறுக்காக வெட்டித் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். அடியில் மரம். அதன் மேல் சில பொருள்களில் ஆளிநார்த் துணி. அதன் மேல் சுண்ணப் பூச்சு: சீமைச்சுண்ணாம்பைப் பொடித்து விலங்குப் பசையில் குழைத்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசையை நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். அதன் மேல் சில பொருள்களில் மஞ்சள் அல்லது சிவப்புக் காவிப் பூச்சு. பிறகு மெல்லிய பசை. கடைசியாகத் தங்கம்.

ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை. துணி, மரப்பலகைகளின் இணைப்புகளை மறைத்துப் பிடித்துக்கொள்ளும். சுண்ணப் பூச்சு மரத்தின் மேடுபள்ளங்களை நிரப்பி வழவழப்பாக்கும். ஈரமாக இருக்கும்போதே அதில் எழுத்துகளையும் உருவங்களையும் புடைப்பாக எழுப்ப முடியும். காவி நிறம், தாளில் ஊசிமுனை ஓட்டைகள் இருந்தால் அங்கே வெண்மை எட்டிப்பார்க்காமல் தடுத்து, பொன்னுக்கு வெதுவெதுப்பான சாயல் தரும். தங்கத்தின் பங்கு இவற்றில் மிகச் சிறியது. பூச்சு மில்லிமீட்டர்க் கணக்கில் இருக்கும். தங்கமோ அதில் ஆயிரத்தில் சில பங்கு.

பிற்கால எகிப்தில் இந்தக் கலை சாமானியர் பக்கமும் வந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற இளைஞனின் மம்மி இருக்கிறது. ரோமானியர் ஆண்ட காலத்தது; 1888-இல் ஹவாராவில் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தெடுத்தது. செந்நிறப் பூச்சின் மேல் கடவுளரின் உருவங்களை மட்டும் பொன்தாளில் ஒட்டியிருக்கிறார்கள். முழு உடலையும் பொன்னால் மூட வசதியில்லாவிட்டாலும், தேவைப்பட்ட இடத்தில் பொன் வந்துவிட்டது.

வெள்ளி செய்த வேலை

எகிப்தியர் பயன்படுத்திய தங்கம் பெரும்பாலும் இயற்கையில் கிடைத்தபடியே வெள்ளி கலந்தது. வெள்ளி அதிகமானால் நிறம் வெளுக்கும். கைவினைஞர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்தே கையாண்டார்கள். துட்டன்காமன் முகமூடியை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, முகத்தின் மேற்பரப்பில் வெள்ளி கூடிய, மாற்றுக் குறைந்த பொன்னும், தலைத்துணிப் பகுதியில் மாற்றுக் கூடிய பொன்னும் இருப்பது தெரியவந்தது. முகத்துக்கு ஒரு சாயல், தலைப்பாகைக்கு இன்னொரு சாயல்.

இந்த வெள்ளிக்கு வேறொரு குணமும் உண்டு. காற்றிலும் கல்லறையிலும் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து அது நிறம் மாறும். அதனால்தான் எகிப்தியப் பொன் பொருள்கள் சில சிவந்தோ ஊதா படர்ந்தோ காணப்படுகின்றன. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த சில அணிகலத் துண்டுகளின் இளஞ்சிவப்பு நிறம் இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட்டைக் கவர்ந்தது. அது எதிர்பாராத மாற்றமல்ல, வேண்டுமென்றே வரவழைத்தது என்று அவர் 1934-இல் எழுதினார். சிறிதளவு இரும்பு கலந்த தங்கத்தைச் சூடேற்றினால் அதே நிறப் படலம் உருவாவதைத் தம் சோதனையில் காட்டினார். 1990-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் வேறு பல சிவந்த பொன் பொருள்களை ஆராய்ந்து, அவற்றின் மேல் இருப்பது வெள்ளியும் தங்கமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம் என்று கண்டார்கள். அதாவது, ஒரு சிவப்பு கைவினைஞர் தந்தது. மற்றது காலம் தந்தது. அருங்காட்சியகத்தில் துடைத்துச் சுத்தம் செய்யத் துணியை எடுப்பதற்கு முன் இது எந்தச் சிவப்பு என்று தெரிந்தாக வேண்டும்.

மரம் போனது, பொன் நின்றது

1925-இல் கீசாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில், ஆழமான ஒரு குழியின் அடியில் சிறிய அறை ஒன்று திறந்தது. பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாய் ஹெட்டெப்ஹெரெஸுக்கு உரிய பொருள்கள் அங்கே இருந்தன. ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையிலான ஹார்வர்ட், பாஸ்டன் குழுவினர் கண்டது அறைகலன்களை அல்ல. அறைகலன்களின் பொன் தோலை மட்டும். நாற்காலியின், கட்டிலின், பல்லக்கின் மரம் 4,500 ஆண்டுகளில் தூளாகிவிட்டிருந்தது. பொன்தகடுகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அவசரப்பட்டு அள்ளியிருந்தால் சில கிலோ தங்கம் கிடைத்திருக்கும், வரலாறு போயிருக்கும். குழுவினர் மாதக்கணக்கில் பாய்மேல் படுத்தபடி, ஒவ்வொரு துண்டும் எங்கே எந்தக் கோணத்தில் கிடந்தது என்று படமெடுத்து, வரைந்து, எண்ணிட்டு எடுத்தார்கள். தகடு எங்கே வளைந்திருக்கிறது, மரத்தின் எந்த முகத்தைத் தழுவியிருந்தது என்பவற்றை வைத்து மறைந்த மரத்தின் அளவுகளைத் தேற்றினார்கள். புது மரத்தில் அதே அறைகலன்களைச் செய்து பழைய பொன்னை அதன்மேல் பொருத்தினார்கள். கெய்ரோவில் காட்சிக்கு வந்த கட்டிலும் நாற்காலியும் அப்படி மறுபிறவி எடுத்தவைதான்.

எல்லாக் கல்லறைக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1907-இல் மன்னர் பள்ளத்தாக்கில் கேவி55 என்ற கல்லறை திறக்கப்பட்டது. கூரை விரிசல் வழியே நீர் கசிந்து உள்ளே ஈரம் ஏறியிருந்தது. அரசி தியேயின் பொன் போர்த்திய மரக்கூண்டின் பலகைகள் அங்கே கிடந்தன. ஈரத்தில் பசை செத்துப்போயிருந்தது. வெளிக்காற்றுப் பட்டதும் பூச்சு உதிர, பொன் துணுக்குகள் தரையெங்கும் சிதறின. அந்தப் பலகைகளில் இருந்த காட்சிகளில் பலவற்றை அன்று வரைந்துவைத்த படிகள் மூலமே இன்று அறிகிறோம்.

அதே கல்லறையின் சவப்பெட்டியும் சிதைந்தது. அதன் அடிப்பகுதியின் பொன்தாள்கள் எகிப்தை விட்டு வெளியேறி, பின்னாளில் மியூனிக் அருங்காட்சியகத்துக்கு வந்து, 2002-இல்தான் கெய்ரோ திரும்பின. கெய்ரோ அருங்காட்சியகக் கிடங்கில் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு மரப்பெட்டியில் சுமார் 500 பொன்தாள் துண்டுகளும், அவை கேவி55-ஐச் சேர்ந்தவை என்று பிரெஞ்சு மொழியில் எழுதிய குறிப்பும் இருந்தன. அந்தத் துண்டுகள் எந்த இடத்தில் பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் பணி அண்மைக் காலத்தில்தான் தொடங்கியது.

நெருப்பும் வாய்ச்சியும்

பொன்தாளுக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி மனிதன். ஒன்பதாம் ராமசேஸ் ஆட்சியின் 16-ஆம் ஆண்டில், ஏறக்குறைய கி.மு. 1110-இல், தீப்ஸ் கல்லறைத் திருடர்களை விசாரித்த நீதிமன்றப் பதிவு பாப்பிரஸில் இன்றும் இருக்கிறது. அமென்பனூஃபர் என்ற கல்தச்சன் தன் கூட்டாளிகளோடு சோபெகெம்சாஃப் மன்னனின் கல்லறைக்குள் நுழைந்ததை ஒப்புக்கொள்கிறான். உடல்களிலிருந்த பொன்னை எடுத்துக்கொண்டு சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம் என்கிறான். எட்டுப் பேர் பங்கு போட்ட தங்கம் 160 தெபன். இன்றைய எடையில் 14 கிலோவுக்கு மேல். மரச்சவப்பெட்டிக்குத் தீ வைப்பதில் கொடூரத்தோடு ஒரு தொழில்நுட்பமும் உண்டு. மரமும் பசையும் எரிந்து போகும். 1,064 பாகை செல்சியஸில் மட்டுமே உருகும் தங்கம் சாம்பலில் தங்கும். அலசி எடுத்தால் போதும்.

திருடர்கள் மட்டுமா? பிற்கால அரசு அதிகாரிகளும் பழைய மன்னர்களின் உடல்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும்போது சவப்பெட்டிகளின் பொன்னை வாய்ச்சியால் சீவி எடுத்தார்கள். அரசி அமோஸ்-மெரிதமூனின் பெரிய சவப்பெட்டியில் பொன்தகட்டை உரித்துவிட்டு, அந்த இடத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். சடங்குக்கு மேனி பொன்னிறமாக இருந்தால் போதும் என்ற பழைய நியாயத்தை அரசாங்கமே தன் கஜானாவுக்குச் சாதகமாக நீட்டிக்கொண்டது.

உரித்த பொன் எங்கே போயிற்று? உருகி, இன்னொருவரின் முகமூடியாயிற்று, நாணயமாயிற்று, நகையாயிற்று. அதன் பழைய உருவத்தை மீட்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது.

பசையைக் காப்பதே பொன்னைக் காப்பது

துட்டன்காமன் கல்லறையில் சவப்பெட்டிகளைச் சூழ்ந்து நான்கு மரக்கூண்டுகள் நின்றன. ஆக வெளியே இருந்தது 5 மீட்டர் நீளமும் 2.75 மீட்டர் உயரமும் கொண்டது. பொன் போர்த்திய அந்தப் பலகைகளைக் கழற்றும்போது கார்ட்டர் ஒரு சிக்கலைக் கண்டார். 3,300 ஆண்டுகளில் மரம் வற்றிச் சுருங்கிவிட்டது. அதன் மேலிருந்த பூச்சும் பொன்னும் சுருங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். பொன் மேற்பரப்பு பூரியின் மேல்தோலைப் போல உப்பி நின்றது. விரல் பட்டால் நொறுங்கிவிடும்.

கார்ட்டரும் வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் லூகாஸும் உருக்கிய பாரஃபின் மெழுகை அந்த இடைவெளிகளுக்குள் செலுத்தினார்கள். அன்று கையிலிருந்த வழிகளில் அது நல்ல வழி. இல்லாவிட்டால் இன்று நாம் பார்க்கும் பலவும் தூளாகியிருக்கும். ஆனால் மெழுகு தூசியைப் பிடித்துக்கொள்ளும், நூறாண்டில் கறுக்கும், கீழுள்ள பூச்சில் ஊறிவிட்டால் முழுக்கப் பிரித்தெடுக்க முடியாது. இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் பண்டைக் கைவினைஞரின் அடுக்குகளோடு 1920-களின் மெழுகையும் சேர்த்தே கையாள வேண்டியிருக்கிறது.

சுத்தம் செய்வதிலேயே ஆபத்து இருக்கிறது. விலங்குப் பசை நீரில் கரையும். ஈரப்பஞ்சால் ஒரு முறை அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு பொன்னும் வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் மரம் நாரின் குறுக்கே பெருத்துச் சுருங்கும். சுண்ணப் பூச்சு அப்படி அசைந்து கொடுக்காமல் விரிசல் விடும். அதனால்தான் இத்தகைய பொருள்களின் கண்ணாடிப் பேழைக்குள் ஈரப்பதத்தை ஒரே நிலையில் வைக்கப் பாடுபடுகிறார்கள். பூச்சு எழும்பிய இடங்களில் மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே ஒட்டித் தற்காலிகமாகப் பிடித்துவைத்து, ஊசி வழியே நீர்த்த பசையை அடியில் செலுத்துகிறார்கள். நாளைக்கு இதைவிட நல்ல பசை வந்தால் இன்றையதை நீக்க முடிய வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி.

அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2014-இல் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. துட்டன்காமன் முகமூடியின் தாடி கழன்றுவிட, எபாக்சி பசையால் அவசரமாக ஒட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் தழும்பு மிஞ்சியது. மறு ஆண்டு எகிப்திய, ஜெர்மானிய வல்லுநர் குழு அந்த எபாக்சியை மரக்கருவிகளால் பொறுமையாகச் சுரண்டி நீக்கி, தேன்மெழுகால் தாடியை மீண்டும் பொருத்தியது. பண்டை எகிப்தியர் பயன்படுத்திய ஒட்டுப்பொருள்களில் தேன்மெழுகும் ஒன்று.

பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கும் அதே கல்லறையில் சான்று இருக்கிறது. தேர்கள் கிடந்த அறையில் கார்ட்டர் கண்டெடுத்த புடைப்பு வேலைப்பாடுள்ள பொன்தகடுகள் துண்டுகளாக நொறுங்கியிருந்தன. அவற்றைச் சீர்செய்ய அன்று நேரமில்லாமல் பெட்டிகளில் கட்டிவைத்தார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய, எகிப்திய ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்து ஒட்டவைத்து, சுமார் 100 தகடுகளை 2017-இல் கெய்ரோவில் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றில் எகிப்திய உருவங்களோடு, மேற்காசியப் பாணியில் விலங்குகள் பொருதும் காட்சிகளும் இருந்தன. எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடையே கலை எப்படிப் பயணித்தது என்று சொல்லும் ஆவணம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கிடங்கில் உறங்கியிருக்கிறது.

துட்டன்காமனின் ஆக வெளிச் சவப்பெட்டி 2019 ஜூலையில்தான் முதன்முறையாகக் கல்லறையை விட்டு வெளியே வந்தது. கீசாவின் பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் அதற்குச் சிகிச்சை நடந்தது. முழுத் தங்கப் பெட்டிக்கு அப்படியொரு அவசரம் நேரவில்லை. விரிசல் விட்டதும் பூச்சு எழும்பியதும் பொன் போர்த்திய மரப்பெட்டிக்குத்தான்.

பொன் சொல்லாதது

2017-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நெஜெமாங்க் என்ற பூசாரியின் பொன் போர்த்திய சவப்பெட்டியைச் சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1971-இல் முறைப்படி எகிப்திலிருந்து வெளியே வந்ததாக ஏற்றுமதி உரிமம் இருந்தது. உரிமம் போலி, 2011-இன் கலவரக் காலத்தில் மின்யா பகுதியிலிருந்து திருடப்பட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. 2019-இல் சவப்பெட்டி எகிப்துக்குத் திரும்பியது.

அந்தப் பெட்டியின் பொன்னை எவ்வளவு ஆராய்ந்தாலும் அது 1971-இல் வெளியேறியதா 2011-இல் வெளியேறியதா என்று சொல்லாது. பொன் எந்த நூற்றாண்டில் தட்டப்பட்டது என்றுகூட அதனால் நேராகச் சொல்ல முடியாது. மாறாத பொருளில் காலம் தடம் பதிப்பதில்லை. அதிலுள்ள வெள்ளியும் பிற கலப்புகளும் அது எந்த வகைத் தங்கம் என்று கொஞ்சம் சொல்லும், அவ்வளவுதான்.

காலத்தைச் சொல்பவை கீழே இருப்பவை. ஆளிநார்த் துணியின் கார்பன்-14 அளவு அந்த ஆளிச்செடி அறுவடையான காலத்தைச் சொல்லும். மரத்தின் நுண்ணமைப்பு அது லெபனான் தேவதாருவா உள்ளூர் அத்தியா என்று சொல்லி, வணிகப் பாதையைக் காட்டும். பசையின் புரதம் அது எந்த விலங்கின் தோல் என்று சொல்லும். சுண்ணப் பூச்சில் பதிந்த கருவித் தடம் கைவினைஞரின் பழக்கத்தைச் சொல்லும். இவை எல்லாம் மக்கக்கூடியவை, பூச்சி அரிக்கக்கூடியவை, ஈரத்தில் கரையக்கூடியவை. அதனாலேயே இவற்றால் வரலாறு சொல்ல முடிகிறது.

எகிப்தியக் கூடத்தில் பொன் முகமூடி ஒன்றின் முன் நிற்க வாய்த்தால் அதன் ஒளியைப் பார்த்து முடித்ததும் விளிம்புகளையும் தேடிப் பாருங்கள். காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, தாள் எங்காவது உதிர்ந்திருக்கும். வெண்சுண்ணமும் இரண்டு இழைத் துணியும் அங்கே எட்டிப்பார்க்கும். குறிப்பட்டையில் எழுதியிருக்கும் ஆண்டு, மரம், ஊர் ஆகியவற்றில் பலவற்றை ஆய்வாளர்கள் படித்தது அத்தகைய உதிர்ந்த இடங்களிலிருந்துதான்.